எர்த்துக்குச் சாத்திய திருமண்

எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, "அட, இவ்வளவுதானா இந்த மனுஷன்" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். கூட வேலை பார்ப்பவனுக்குப் பிரமோஷன் வந்தால் எனக்கு ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டில் ரேடியோ வாங்கினால் நானும் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். என் பொறாமை முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஆள்மேல் வைத்திருந்தேன். அவர் என் ஷட்டகர். அதாவது, என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவர்.

என் மாமனாருக்கு ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் வீடு. இரண்டும் பெண்கள். பிள்ளை கிடையாது. பிள்ளைக்குப் பதிலாக ஒரு கார் வைத்திருந்தார். யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வந்த கறுப்பு வண்டி. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வாங்கியது. ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினால் கிளம்பும். மக்கர் பண்ணினால் முன்பக்கம் இரும்பு ஹாண்டிலைச் செருகி, கை கழன்று போகும்வரை சுற்ற வேண்டும். ஆறு வோல்ட் பேட்டரி. அது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் காலுக்கடியில், ஒரு பலகைக்குக் கீழே இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் பார்க்கிற வேலையில் இருந்தேன். அதனால் மாமனார் தெருவில் எனக்குக் 'கரண்ட் மாப்பிள்ளை' என்று பெயர். குடியிருந்தது தென்னூரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவேன். மாமியார் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வண்டிக்கடியில் புகுந்தால் சாப்பிடக் கூப்பிடும்போதுதான் வெளியே வருவேன். ஐந்து வருஷம் இப்படி.

"நீங்க எங்கப்பாவைப் பார்க்கப் போறேளா, வண்டியைப் பார்க்கப் போறேளா?" என்பாள் என் மனைவி.

"ரெண்டும் ஒரே எடத்துலதானே இருக்கு?"

"அப்பாவை ஒரு நாளாவது தொடைச்சிருக்கேளா?"

அவளுக்கு வாய் நீளம். ஆனால் விஷயம் அவளுக்குத் தெரியும். எனக்கு அந்த வண்டி வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதன் ஒவ்வொரு ஒயரும் எனக்குத் தெரியும், அது இருமினால் எனக்குத் தொண்டை கமறும், அது எனக்குத்தான் வரவேண்டும் என்று ஐந்து வருஷமாக மனசில் பட்டாப் போட்டு வைத்திருந்தேன்.

அந்த வருஷம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபடி ஒருநாள் சொன்னார்: "வர தீபாவளிக்கு வண்டிச் சாவியை ஒரு கையில குடுத்துடப் போறேன்."

எந்தக் கை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிதான் என் ஷட்டகருக்குத் தலைதீபாவளி.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெட்ராஸில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார். பார்த்தால் பெரிய அழகன் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அரை மணியில் அந்த வீட்டைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். கல்யாணத்தில் நலுங்கின்போது அவர் பாடினார். நான் என் கல்யாணத்தில் தும்மினேன், அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருக்கு ரசத்தில் பெருங்காயம் கடுகளவு கூடினாலும் தெரியும். அதற்காக என் மாமியார் அவரைக் கொண்டாடுவாள். "இப்படி ருசி தெரிஞ்சு சாப்பிடறவாளுக்கு ஒரு நாள் பண்ணிப் போட்டாலும் புண்ணியம்!" ஐந்து வருஷம் எதிரே உட்கார்ந்து அதே ரசத்தைக் குடித்தவன் நான். அவருக்கு வெள்ளி டம்ளர். எனக்குப் பித்தளை. ஒருதரம் என் மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் போய்ச் சொல்ல, மாமியார், "மூத்த மாப்பிள்ளை நம்மாத்துப் பிள்ளை மாதிரின்னா!" என்றாளாம். நன்றாயிருக்கிறது. பிள்ளை மாதிரி என்றால் பித்தளை டம்ளர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு முன்னால் சரஸ்வதி பூஜை வந்தது. ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பூஜை செய்வது என் பொறுப்பு. அந்த வருஷம் வழக்கத்தைவிடத் தூக்கலாகச் செய்தேன். புது மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது வண்டி பளபளவென்று நிற்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்ட கை எது என்று ஊருக்கே தெரிய வேண்டும். எண்ணம் அதுதான், பக்தி கொஞ்சம் பின்னாலேதான் வந்தது. பலகையைத் தூக்கி பேட்டரியைக்கூடத் துடைத்தேன். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து தடித்த செம்புப் பட்டை ஒன்று வந்து வண்டியின் இரும்பு உடம்பில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அதை எர்த் என்போம். வண்டியில் கரண்ட் எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். அந்தப் பட்டையைக் கழற்றித் தேய்த்தேன். அது உட்காருகிற இரும்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு இரும்பு அப்படியே மின்னியது.

மாமனார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் நின்றார். நான் பானெட்டில் நாமம், ஸ்டியரிங்கில் நாமம், நாலு சக்கரத்துக்கும் நாமம் என்று சாத்திக்கொண்டே வந்தேன். "உள்ளேயும் ஒண்ணு சாத்துங்கோ மாப்பிள்ளை, உசிரே அதானே" என்றார். தேய்த்து வைத்த அந்த இரும்பு, குளித்துவிட்டு வந்தவன் நெற்றி மாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்துத் தடவி, அதன்மேல் குச்சியால் அழகாகத் திருமண் இட்டேன்.

இட்ட பிறகுதான் உறைத்தது, பட்டையை அங்கேதான் முடுக்க வேண்டும். துடைத்திருக்கலாம். ஆனால் வடக்கு உத்தர வீதியில் நின்றுகொண்டு, மாமனார் கண்ணெதிரே, இட்ட நாமத்தை எவனாவது அழிப்பானா? பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று அதன்மேலேயே பட்டையை வைத்து முடுக்கிப் பலகையை மூடினேன். ஈரமாக இருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு வண்டி கிளம்பி, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நான் அந்த நாமத்தைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மூன்றே நாளில் தகராறு ஆரம்பித்தது. பொத்தானை அமுக்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் கிளம்பும். கிளம்பின பிறகு ஹாரனை அடித்தால் உடனே செத்துப் போகும். ஹாரன் அடிக்காமல் ஸ்ரீரங்கத்தில் கார் ஓட்ட முடியுமா? அது ஐப்பசி மாசம். துலா ஸ்நானத்துக்கு வருகிறவர்களும் மாடுகளும் தெரு முழுக்க நடப்பார்கள்.

நானும் பார்க்காத இடமில்லை. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு டெஸ்ட் லாம்ப் உண்டு; இரண்டு ஒயர் நுனியில் ஒரு சின்ன பல்பு. எங்கே வைத்தாலும் அது பளிச்சென்று எரிந்தது. கரண்ட் இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டு மாட்டினேன். அப்போதும் எர்த் பட்டையின் வண்டிப் பக்கத்து முனையைத் தொடவே இல்லை. அதுதான் நான் தேய்த்துப் பளபளவென்று வைத்த இடமாயிற்றே! பியூஸை மாற்றினேன். டைனமோவைப் பிரித்தேன். ஸ்டார்ட்டரை இறக்கிக் கரித்தூளைத் துடைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். அந்தச் சின்ன பல்பு என்னை ஏமாற்றிவிட்டது. காய்ந்த சந்தனத்தின் இடுக்கில் கசிகிற கரண்டே அதற்குப் போதும். ஸ்டார்ட்டருக்கு வாளி வாளியாக வேண்டும். இது இன்றைக்குத் தெரிகிறது.

தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம் புது மாப்பிள்ளையை அழைத்து வர ஜங்ஷனுக்கு நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வேறு யார் போவார்கள்? டாக்ஸி வைக்கலாம் என்றார் மாமனார். ரோஷம் வந்துவிட்டது. ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பி, ஹாரனைத் தொடாமல், "ஓரம் போங்க, ஓரம்" என்று தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே ஜங்ஷன் போய்ச் சேர்ந்தேன்.

ஷட்டகர் பெட்டியோடு வந்து, "அத்திம்பேர், நீங்களேவா வந்தேள்?" என்று என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என் மைத்துனி பின்னால் ஏறிக்கொண்டாள். பாலக்கரை தாண்டுவதற்குள் அவர் வண்டியின் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி இருக்கு" என்றார். யாருக்கு ராஜா என்று நினைத்துக்கொண்டேன்.

காவேரிப் பாலத்தின் நடுவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பழக்க தோஷம், ஹாரனை அமுக்கிவிட்டேன். ஒரு முனகல், அதோடு என்ஜின் நின்றது. பொத்தானை அமுக்கினேன். டொக். மறுபடி அமுக்கினேன். டொக். கோபத்தில் விடாமல் அமுக்கிப் பிடித்தேன். பின்னால் பஸ்காரன் கத்துகிறான். கீழே ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. குதித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

ஷட்டகர் மூக்கை உறிஞ்சினார். "அத்திம்பேர், ஏதோ வாசனை வரது."

"பெட்ரோல்."

"இல்லை, சந்தனம். கமகமன்னு, பெருமாள் சந்நிதியில நிக்கற மாதிரி."

"ஸ்ரீரங்கம் வந்துடுத்தோல்லியோ, அப்படித்தான் இருக்கும்."

"இன்னும் பாலமே தாண்டலையே?"

"இவருக்கு மூக்கு ஜாஸ்தி அத்திம்பேர். நீங்க கண்டுக்காதீங்கோ" என்றாள் மைத்துனி பின்னாலிருந்து.

"என் காலுக்கடியிலேர்ந்துதான் வரது" என்றார் அவர்.

எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. நாமம்! காய்ந்த சந்தனத்தின் வழியாகப் போகமுடியாமல் கரண்ட் அங்கே முட்டிச் சூடேறுகிறது. சூடேறினால் சந்தனம் மணக்காமல் என்ன செய்யும்? மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் தலைகீழாக நின்று தேடியதை, பேட்டரிக்கும் டைனமோவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு கணக்கு வாத்தியார் மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார். அதுவும் தெரியாமலே! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒரு ஸ்பானர், ஒரு துண்டுத் துணி, ஐந்து நிமிஷம் போதும். பலகையைத் தூக்கினால் தீர்ந்தது. தூக்கினால் அவர் நாமத்தைப் பார்ப்பார். கரண்ட் மாப்பிள்ளை எர்த்துக்கு நாமம் போட்ட கதை சாயங்காலத்துக்குள் நாலு வீதியும் சுற்றும். அதனால் தூக்கவில்லை, இறங்கிப் போய் ஹாண்டிலைச் சுற்றினேன். அது வெட்கம். அதை மன்னிக்கலாம்.

சுற்றும்போதுதான் இரண்டாவது யோசனை வந்தது. அதை மன்னிக்க முடியாது. இதை ஏன் இப்போது ரிப்பேர் பண்ண வேண்டும்? ஓடாத வண்டியைத் தலைதீபாவளிக்குச் சீராக எவன் கொடுப்பான்? இவர் தீபாவளி முடிந்து மெட்ராஸுக்கு ரயில் ஏறட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஐந்து நிமிஷம் பலகைக்கடியில் தலையை விடுகிறேன், வண்டி கிளம்புகிறது. செத்த வண்டிக்கு உயிர் கொடுத்தவன் நான். சாவி வேறு எங்கே போகும்?

வீடு வந்ததும் மாமனாரிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்: "ஸ்டார்ட்டர்ல ஆர்மேச்சர் போயிடுத்து. மெட்ராஸ்லயே கிடைக்காது. சீமையிலேர்ந்துதான் வரணும். இனிமே ஹாண்டில் போட்டாலும் கிளம்பாது."

எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல்? கரண்ட் மாப்பிள்ளை அல்லவா! மாமனார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்படியா?" என்றார். ஷட்டகர் தட்டில் இருந்த தேன்குழலை எடுத்துக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். வெறுமே பார்த்தார்.

மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேஷ்டி கட்டிக்கொண்டு, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். புது மாப்பிள்ளைக்குத் தட்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். பட்டுக்கரை வேஷ்டி, ஒரு கைக்கடிகாரம். கடிகாரம்தான்! எனக்கு மூச்சு வந்தது. என் கணக்குப் பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு ஆட்டமே ஆடினேன்.

அப்புறம் மாமனார் உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்தார். வெற்றிலை பாக்கு, நடுவில் வண்டிச் சாவி. என் எதிரே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, அஞ்சு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம வந்து அதைப் பார்த்துண்டேள். எனக்கொரு பிள்ளை இருந்தாலும் பண்ணியிருப்பானோ என்னமோ. கண் ஆபரேஷனுக்குப் போறச்சேயே மாமிகிட்ட சொல்லியாச்சு, வண்டி மூத்தவருக்குத்தான்னு."

நான் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"ஆனா பிராணன் போன வண்டியை, நல்ல நாளும் அதுவுமா, உங்க கையில குடுக்க நேக்கு மனசு ஒப்பலை. உங்களுக்கு அது பாரம். பாலக்கரையில பழைய இரும்பு எடுக்கற பாய் ரொம்ப நாளாக் கேட்டுண்டிருந்தார். இன்னிக்குச் சொல்லி அனுப்பிடறேன். சாவியை மட்டும் ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்கோ." சாவியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அது பிள்ளை அல்லவா?

என் வண்டி! என் வாயாலேயே அதைக் கொன்று இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டேன். என்ன சொல்வது? 'ஆர்மேச்சர் சரியாயிடுத்து' என்றா? சீமையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் வந்துவிட்டதா? உண்மையைச் சொன்னால் சாவி போகட்டும், அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியுமா? என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கொஞ்சம் இருங்கோ" என்றார் ஷட்டகர். "அத்திம்பேர் நேத்திக்கு ஹாண்டிலைச் சுத்திச் சுத்திக் களைச்சுப் போயிருந்தார். காத்தால வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துடட்டுமே. நான் ஸ்பானர் எடுத்துக் குடுக்கறேன். வாங்கோ அத்திம்பேர்."

வாசலுக்கு வந்தோம். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சந்தனம் எங்கே?"

நான் பலகையைத் தூக்கினேன். செம்புப் பட்டைக்கு வெளியே இரண்டு பக்கமும் நாமத்தின் வெள்ளை எட்டிப் பார்த்தது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அத்திம்பேர், வண்டிக்கே நாமம் போட்டுட்டேளே!"

நான் பல்லைக் கடித்தேன்.

"இருங்கோ, இருங்கோ. எர்த்துன்னா மண்ணுதானே? அதான் திருமண்ணா இட்டுட்டேளாக்கும்!"

அந்த நிலையிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த ஹாஸ்யம் நமக்கு வரவில்லையே என்று. பதினைந்து வருஷம் 'எர்த் எர்த்' என்று சொல்லிச் சோறு தின்றவன் நான்.

"உங்களுக்கு நேத்திக்கே தெரியுமா?" என்றேன்.

"என்ன கோளாறுன்னு தெரியாது. ஆனா சந்தனம்னதும் பாலத்துல உங்க மொகம் மாறித்து. கணக்கைத் தப்பாப் போட்டுட்டு, தப்புன்னும் தெரிஞ்சு, சிலேட்டை மறைச்சுக்கற பையன் மொகம் நேக்குத் தெரியாதா? தினம் நாப்பது பார்க்கறேனே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

தெருக்கோடியில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அவர் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தார். "மாமாவுக்கு இங்கே நடக்கறது தெரியாது. மாமி கண்ணுதான் பொல்லாது. நான் இப்படி நின்னுக்கறேன், நீங்க காரியத்தைப் பாருங்கோ" என்று புது வேஷ்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து உதறுகிற மாதிரி நின்றார். வீதியில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

போல்ட்டைக் கழற்றினேன். நாமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்பானர் முனையால் சுரண்டினேன். கையில் துணி இல்லை. என் புது வேஷ்டித் தலைப்பாலேயே துடைத்தேன். இரும்பு மின்னியது. பட்டையை வைத்து முடுக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஒரே அமுக்கு. உறுமிக்கொண்டு கிளம்பியது.

"மாமா!" என்று ஷட்டகர் தெருவே கேட்கிறாற்போல் கத்தினார். "அத்திம்பேர் கை வெச்சார், உசிர் வந்துடுத்து!"

மாமனார் தடுமாறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. தட்டோடு சாவியை என் கையில் வைத்தார். அப்படியாக வண்டி எனக்கு வந்தது. அன்றைக்கு மாமியார் எனக்கும் வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள்.

நான் நன்றியில் கரைந்திருக்க வேண்டும் என்பீர்கள். இல்லை. அதுவரை அவர் பாட்டுமேல், மூக்குமேல், வெள்ளி டம்ளர்மேல் எனக்குப் பொறாமை. அன்றைக்கு முதல் அவர் குணத்தின்மேலும் வந்துவிட்டது. ஐந்து வருஷம் உழைத்து வாங்கின என் வண்டியை, அவர் வேஷ்டியை உதறிக்கொண்டு நின்று எனக்குக் கொடுத்த வண்டியாக ஆக்கிவிட்டார். தென்னூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் எனக்குச் சந்தனம் மணத்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு வந்தால் கூட்டத்தின் நடுவில், "என்ன அத்திம்பேர், எர்த் சௌக்கியமா?" என்று கேட்பார். எல்லோரும் வண்டியை விசாரிக்கிறார் என்று நினைப்பார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும். தன் பெண்டாட்டியிடமாவது சொல்லியிருப்பார் என்று மைத்துனியின் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. எங்கேயாவது ஒருதரம் வாய்தவறி உளறியிருந்தால் நான் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வாய்ப்பையும் அவர் தரவில்லை. இப்படியே பத்து வருஷம் ஓடியது. மாமனாரும் போய்ச் சேர்ந்தார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சரஸ்வதி பூஜை. தென்னூர் வீட்டு வாசலில் வண்டிக்கு நாமம் சாத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கலாம் என்று பலகையைத் தூக்கினேன்.

"ஏன்னா, உள்ளே வேண்டாம்" என்றாள். "ஒரு தடவை நாமம் போட்டுப் பட்ட பாடு போறாதா?"

என் கை நின்றுவிட்டது. பத்து வருஷம் காத்திருந்தது கடைசியில் வந்துவிட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "சொல்லிட்டாரா? அவர்தானே சொன்னார்? எனக்குத் தெரியும், அந்த மனுஷனால வாயை வெச்சுண்டு இருக்க முடியாதுன்னு! எப்போ சொன்னார்?"

"யாரு? அவரா? அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றாள். "அந்தத் தீபாவளிக்கு உங்க புது வேஷ்டியைத் தோய்ச்சது யாரு? நான்தானே? தலைப்பு முழுக்கச் சந்தனமும் திருமண்ணும். ஆர்மேச்சர்ல நாமம் எங்கேர்ந்து வரும்? போல்ட்டு அச்சுக்கூட அதுல வட்டமா இருந்துது. சரி, நீங்களாச் சொல்லுவேள்னு இருந்தேன்."

கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்மேல் சாட்ட எனக்குக் கிடைத்த ஒரே குற்றம், அரை நிமிஷம்கூட என் கையில் தங்கவில்லை. பலகையை மூடினேன். பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க மறந்துவிட்டேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடம் நிறைய ஜனம். செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல் ஆரம்பித்தார்: "என்ன அத்திம்பேர், எர்த் சௌக்கியமா?"

"உங்க தயவு" என்றேன்.

எல்லோரும் அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் சமையலறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். ஷட்டகர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, என் தோளில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார். அதுகூட அந்த மனுஷனுக்கு எவ்வளவு அழகாக இருந்தது! எனக்கு வயிறு எரிந்தது.